பிந்திப் பிறந்த ஊர்கள்

சிட் மேயர் 1991இல் வெளியிட்ட ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டும் அதன் பின்வந்த பதிப்புகளும் ஆடுபவர்களிடையே ஒரு தீராத வழக்கை மூட்டிவிட்டிருக்கின்றன. ஆட்டம் பாதியைத் தாண்டிய பிறகு புதிய நகரம் நிறுவலாமா? தொடக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆற்றங்கரை, துறை, வளமான வயல் எல்லாம் திறந்து கிடக்கும், முந்தியவன் எடுத்துக்கொள்வான். பிந்தினால் கணக்கு மாறும். 2016இல் வந்த ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு குடியேற்றக் குழுவுக்கும் முந்தியதைவிடச் செலவு கூடுதல். அனுப்புகிற நகரம் தன் குடித்தொகையில் ஒரு பங்கை இழக்கும். நன்னீர் இல்லாத இடத்தில் போட்ட ஊர் ஓரளவுக்கு மேல் வளராது. 2018இல் வந்த விரிவாக்கத்தின்படி, பக்கத்து அரசின் பெருநகரங்கள் புதிய ஊரின் விசுவாசத்தை இழுத்து, அதைக் கைமாறவும் செய்துவிடும். ஆகவே பிந்திய நகரம் வீண்செலவு என்பார்கள் ஒரு சாரார். வேண்டிய வளம் அங்கே இருந்தால் எப்போதும் போடலாம் என்பார்கள் மறுசாரார்.

இந்த வழக்கை நிலத்தில் வைத்துப் பார்க்க இலங்கையின் கிழக்கே உள்ள மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் பொருத்தமான இடம். கடந்த முக்கால் நூற்றாண்டில் இங்கே அரசு நிறுவிய ஊர்கள் உண்டு, ஆலையைச் சுற்றி முளைத்தவை உண்டு, கடல்கோளுக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொடுத்தவையும் உண்டு. சில தழைத்தன, சில நொண்டின, ஒன்று ஆளில்லாமலே கிடந்தது. எதனால் இந்த வேறுபாடு என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

முந்தியவர்கள் பிடித்த இடம்

வாவி வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். அதற்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல்திட்டு, அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே விரிந்த வயலும் காடும் படுவான்கரை. பழைய ஊர்கள் பெரும்பாலும் எழுவான்கரையில்தான் நெருங்கி நிற்கின்றன. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை என்று ஒன்றன் எல்லை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடும்.

இந்த நெருக்கத்துக்கு நியாயம் உண்டு. மணலுக்குள் மழைநீர் தேங்கி நன்னீராக நிற்கும். சில முழம் தோண்டினால் கிணறு. ஒரு பக்கம் கடல்மீன், மறுபக்கம் வாவி மீனும் இறாலும். படுவான்கரையில் மண் வளம் இருந்தது, ஆனால் மலேரியாவும் யானையும் இருந்தன. வயற்சொந்தக்காரரான போடியார் எழுவான்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு, வேளாண்மைக் காலத்தில் தோணியேறி அக்கரை வயல்வட்டைக்குப் போனார். அறுவடை முடிந்ததும் நெல்லோடு திரும்பினார். குடியிருப்பு ஒரு கரையில், சோறு மறுகரையில் என்ற இந்த அமைப்பு பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது.

1940களின் நடுவில் டி.டி.டி. தெளிப்பு வந்து மலேரியா பின்வாங்கியது. அதுவரை பூட்டிக் கிடந்த மேற்குப் பக்கம் திறந்தது. அந்த நிலம் வெறுமையானதல்ல. பழைய தமிழ், முஸ்லிம், வேடர், சிங்களக் கிராமங்கள் அங்கே சிதறி இருந்தன. வரைபடத்தை வைத்துத் திட்டம் போட்டவர்களின் கண்ணுக்கு மட்டும் அது வெற்றிடமாகத் தெரிந்தது.

அம்பாறை: எல்லாம் ஒரே தடவையில்

சுதந்திரத்தின் கையோடு 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. தமிழில் பட்டிப்பளை ஆறு எனப்படும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் நிறுவனம் அணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளம் பிறந்தது. அணைக்குக் கீழே நாற்பது வரை எண்ணிட்ட குடியேற்ற அலகுகள் வெட்டப்பட்டன. குடும்பத்துக்குச் சில ஏக்கர் வயலும் மேட்டுக்காணியும் வழங்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக எழுந்ததுதான் அம்பாறை நகரம்.

பிந்திய நகரத்தின் முதற் குறை, பழைய நகரங்கள் நூறாண்டில் சேர்த்ததை அது சில ஆண்டுகளில் சேர்த்தாக வேண்டும் என்பது. அம்பாறைக்கு அந்தக் குறையே தெரியாதபடி அரசு அள்ளிக்கொடுத்தது. வீதி, மின்சாரம், ஆஸ்பத்திரி, பாடசாலை, விமான இறங்குதளம், ஹிங்குராணையில் சீனி ஆலை என்று வந்தன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் அமைத்தபோது தலைநகர் ஆனதும் அதுதான். கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் எவ்வளவோ பழையவை. ஆனால் மாவட்டச் செயலகமான கச்சேரி போனது புதிய ஊருக்கு. ஒரு காணிக் காரியத்துக்குக் கரையோரத்து ஆள் உள்நாட்டுக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று.

நகரம் என்ற அளவில் அம்பாறை வெற்றிதான். அதன் விலையை வேறு இடத்தில் தேட வேண்டும். குடியேறியவர்களில் பெரும்பகுதியினர் தீவின் பிற பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்கள விவசாயிகள். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய ‘தனிச் சிங்களம்’ சட்டத்தின் சூட்டோடு 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்மீது வன்முறை பாய்ந்தது. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தில், குடியேற்றத் திட்டங்களுக்கு ஆள் தெரியும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு என்ற வாசகம் இடம்பெற்றது. 1965 மார்ச்சில் செல்வநாயகம் டட்லி சேனாநாயக்காவுடன் எட்டிய உடன்பாட்டில் முன்னுரிமை வரிசையே எழுதப்பட்டது: முதலில் மாவட்டத்தில் உள்ள காணியற்றோர், அடுத்து வடகிழக்கின் தமிழ் பேசுவோர், அதன் பிறகே மற்றவர்கள். இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை. 2012 குடிசன மதிப்பில் அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 43 வீதம் அளவிலும் சிங்களவர் 39 வீதம் அளவிலும் தமிழர் 17 வீதம் அளவிலும் இருந்தனர். கல்லோயாவைப் பசித்த விவசாயிக்கு நிலம் கொடுத்த திட்டமாகப் பார்ப்பவர்கள் உண்டு. மாகாணத்தின் குடிப்பரம்பலை மாற்றிய திட்டமாகப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே திட்டத்தைப் பற்றிய உண்மைகள்தாம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவரிடம்தான் பிழை.

எண்ணால் அழைக்கப்படும் கிராமங்கள்

கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்கள் வடகிழக்கே இறங்கும் இடத்தில், நாவிதன்வெளி, வெல்லாவெளிப் பக்கம், தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் காணி பெற்றன. இன்றும் அங்கே பஸ் நடத்துநர் கூவுவது 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி, 37ஆம் கிராமம், 40ஆம் கிராமம் என்றுதான்.

இக்கிராமங்களின் தலைவிதி வாய்க்காலின் வால்பகுதியில் எழுதப்பட்டிருந்தது. நீர் தலைமடையில் திறக்கும். மேலே உள்ளவர் வயலை நிரப்பி, வேண்டியதற்கு மேலும் எடுத்து, மிச்சம் கீழே வரும். மழை குறைந்த சிறுபோகத்தில் பல வால்மடைகளுக்கு மிச்சமும் வராது. தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயி, வால்மடையில் தமிழ் பேசும் விவசாயி என்பதால், தண்ணீர்ச் சண்டைக்கு இனச்சண்டையின் சாயலும் ஏறியது.

இதை அப்படியே விட்டுவிடாமல் செய்த முயற்சி ஒன்று உலகக் கவனத்தைப் பெற்றது. அமெரிக்க உதவியுடன் இடதுகரையைப் புனரமைக்கும் திட்டத்தில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து 1981இல் இளம் அமைப்பாளர்களை விவசாயிகளிடையே இறக்கின. அந்த ஆண்டு குளத்தில் நீர் மிகக் குறைவு. ஆயினும் வயல் வாய்க்கால் மட்டத்தில் கூடிப் பேசிய விவசாயிகள் தூர்வாரினார்கள், முறைவைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சப்படுத்திய நீரைக் கீழே விட்டார்கள். சிங்களத் தலைமடையிலிருந்து தமிழ் வால்மடைக்கு நீர் போனது. திட்டத்தில் பங்கேற்ற நோர்மன் அப்ஹொஃப் இந்த அனுபவத்தை 1992இல் நூலாக எழுதினார். கட்டி முப்பது ஆண்டு கழிந்த பிறகு, கொங்கிறீற்று செய்யாததை விவசாயிகளின் கூட்டம் செய்தது. புதிய ஊருக்குக் காணியும் வாய்க்காலும் போதாது, தண்ணீரை யார் யாருக்கு எப்போது விடுவது என்ற இணக்கமும் வேண்டும் என்பது கல்லோயா தந்த பாடம். அந்த இணக்கத்தைத் திட்டத்தோடு சேர்த்து வரையவில்லை. விவசாயிகளே பிற்பாடு உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஆலையும் பல்கலைக்கழகமும்

காணிப் பங்கீட்டால் அன்றி வேலைவாய்ப்பால் பெருத்த ஊர்களும் உண்டு. வாழைச்சேனையில் 1956இல் உற்பத்தியைத் தொடங்கிய காகித ஆலை வைக்கோலை மூலப்பொருளாக்கிச் சுற்றுவட்டாரத்துக்குச் சம்பளம் கொடுத்தது. பின்னாளில் ஆலை நொடித்தபோது ஊர் தேய்ந்தது, அழியவில்லை. அதற்குள் சந்தையும் புகையிரத நிலையமும் மீன்துறையும் அதைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தன. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அதை அடுத்துள்ள செங்கலடிச் சந்தியின் கடைகளும் வாடகை அறைகளும் அந்த வருவாயில் வளர்ந்தவை. இந்த ஊர்களை யாரும் நிறுவவில்லை. இருந்த ஊருக்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவே. அதனாலேயே இவை பற்றிய வழக்கும் குறைவு.

கடல்கோளுக்குப் பின்

2004 டிசம்பர் 26இல் வந்த கடல்கோள் மணல்திட்டின் பழைய கணக்கைக் குலைத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு நகரையொட்டிய நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்ட மணல்முனை, ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டது. கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது, பிறகு தளர்த்தியது. அதற்குள் மக்களை எங்கே குடியேற்றுவது என்ற கேள்வி வந்துவிட்டது. நல்ல இடமெல்லாம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. மிஞ்சியது நகரின் வடக்கே திராய்மடு என்ற பள்ளநிலம்.

திராய்மடுவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொண்டு நிறுவனங்கள் இறங்கின. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரைபடம், ஒரு கூரை வடிவம். கட்டி முடித்துச் சாவி கொடுத்தபின் மாரி வந்தது. முற்றங்களில் தண்ணீர் நின்றது. மலசலகூடக் குழிகள் நிரம்பின. பள்ளத்தில் ஊர் போடுமுன் வடிகால் வெட்ட வேண்டும் என்பது அந்த மண்ணின் எந்த விவசாயிக்கும் தெரியும். ஆனால் திட்டத்தின் அவசரம் வீட்டின் எண்ணிக்கையில் இருந்தது.

அதைவிடப் பெரிய இடர் தொழிலில் வந்தது. நாவலடியில் இருந்தபோது மீனவனின் வள்ளம் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது. விடிய முன் எழுந்து கடலைப் பார்த்தாலே தெரியும், இன்று இறங்கலாமா என்று. வலை வாடியில் காயும். மனைவி கரையிலேயே மீனைப் பிரித்து விற்பாள். பிள்ளைகள் கரைவலை இழுக்க ஓடிவருவார்கள். திராய்மடுவுக்கு வந்தபின் மண்ணெண்ணெய்க் கானையும் வலையையும் சைக்கிளிலோ ஆட்டோவிலோ கட்டிக்கொண்டு சில கிலோமீட்டர் போக வேண்டும். போன பிறகுதான் கடல் குழம்பியிருப்பது தெரியவரும். இரவில் வள்ளத்துக்கும் இயந்திரத்துக்கும் காவலில்லை. மனைவியின் கரை வியாபாரம் நின்றது. ஆகவே பகலெல்லாம் பழைய கரையில், இரவுக்கு மட்டும் புதிய வீட்டில் என்று பல குடும்பங்கள் இரண்டு இடத்திலும் வாழத் தொடங்கின. சில வீடுகளைப் பூட்டிவிட்டு முழுமையாகத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களை நன்றியற்றவர்கள் என்று சொன்ன அதிகாரிகள் இருந்தார்கள். கடலில் வேலை, பள்ளத்தில் வீடு என்று கொடுத்தால் மனிதன் வேலையின் பக்கம்தான் சாய்வான்.

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் இதற்கு நேரெதிரான கதை. சவூதி உதவியில் 500 வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல் எல்லாம் ஒருசேரக் கட்டப்பட்டன. திராய்மடுவில் விடுபட்டவை இங்கே தயாராக இருந்தன. ஆனால் வீடுகள் யாருக்கு? கடல்கோளில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு என்று திட்டமிட்டதை எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இன விகிதப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பகிர்வு நடக்கவில்லை. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்து புதர் மண்டின. கட்டிடம் முழுமையாக இருந்தும் அயலின் இணக்கம் இல்லாததால் ஊர் பிறக்கவே இல்லை. கல்லோயாவில் ஆள் தெரிந்த விதம் பகையை விதைத்தது. அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பகை நுரைச்சோலையில் வேறு மக்களின் கதவைப் பூட்டியது.

மகளுக்கு ஒரு வளவு

இப்பகுதியின் ஊர்கள் எப்படி வளர்கின்றன என்பதைக் கவனிக்காமல் புதிய ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடிமுறை வலுவானது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மகளுக்குச் சீதனமாக வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். தாயின் வளவுக்குள் மூத்தவளுக்கு ஒரு வீடு, பக்கத்தில் இளையவளுக்கு ஒன்று என்று ஊர் உள்ளிருந்தே பெருகும். காத்தான்குடியின் ஒடுங்கிய ஒழுங்கைகளும் நெருங்கிய மதில்களும் இப்படிப் பிரிந்து பிரிந்து வந்தவைதாம்.

அரசு நிறுவும் ஊர் இந்த விதியை அறியாது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் காணியைக் குறித்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது, பின்னுரித்தாளர் பெரும்பாலும் ஒருவர்தான். பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் பிள்ளைகளில் மகனுக்கே முதலிடம் என்றிருந்த வரிசை அண்மையில்தான் திருத்தப்பட்டது. கடல்கோள் வீடுகளிலும் இதே குழப்பம். அழிந்தது பெண்ணின் சீதன வீடு. புதிய வீட்டின் பத்திரமோ பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற பேரில் கணவனுக்குப் போனது. தாயிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருந்த சொத்து ஒரு கையெழுத்தில் திசை மாறியது.

விளைவு ஒரு தலைமுறை கழித்தே தெரியும். 2005இல் கைக்குழந்தையாக வந்த பெண்ணுக்கு இன்று கலியாண வயது. ஒரு துண்டு வளவு, அதில் ஒரு வீடு, இரண்டு மகள்மார். இரண்டாமவளுக்கு எங்கே கட்டுவது? பக்கத்துக் காணி இன்னொருவருடையது, அதற்கப்பால் சதுப்பு. குடும்பம் மறுபடியும் பழைய கரையிலோ வேறு ஊரிலோ வளவு தேடுகிறது. புதிய ஊர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

பாலம் செய்த வேலை

ஊரை நிறுவாமலே ஊர் வளர்ந்த உதாரணம் வாவியின் குறுக்கே இருக்கிறது. 1924இல் திறந்த கல்லடிப் பாலம் நகரை எழுவான்கரையோடு கட்டியது. அதன் பக்கத்தில் 2013இல் ஜப்பானிய உதவியுடன் அகன்ற புதிய பாலம் வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் மண்முனையில். 2014 ஏப்ரல் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் ஆரையம்பதிப் பக்கம் வர ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏற வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் நெடுவழி சுற்ற வேண்டியிருந்தது. காற்றடித்தால் பாதை நின்றுவிடும். பிரசவ வலியோடு கரையில் காத்திருந்த கதை படுவான்கரையில் வீட்டுக்கொன்று கிடைக்கும். ஏறத்தாழ 210 மீட்டர் நீளப் பாலம் திறந்தபின் பால் வண்டியும் நெல் லொறியும் மாணவர் பஸ்ஸும் நேரே போகின்றன. உள்நாட்டு யுத்தம் 2007இல் கிழக்கில் ஓய்ந்த பின்னும் தயங்கி நின்ற படுவான்கரையின் பழைய கிராமங்களில் கடையும் கல்வீடும் எழுந்தன. காணி பகிரவில்லை, ஆள் கொண்டுவரவில்லை, வழக்கும் இல்லை.

குருமண்வெளி, மண்டூர் போன்ற துறைகளில் இன்னும் பாதைச் சேவைதான். புதிய குடியேற்றம் ஒன்றுக்கு ஆகும் செலவை இங்கே ஒரு பாலத்துக்குப் போட்டால் எத்தனை பழைய கிராமங்கள் புத்துயிர் பெறும் என்பதைத் திட்டமிடுவோர் கணக்கிட வேண்டும்.

தீர்ப்பு

எதிர்ப்பவர்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி. பிந்திய ஊருக்கு மிஞ்சுவது பள்ளம், வால்மடை, தூரத்துக் காணி. அயல் நகரங்கள் அதன் ஆட்களை இழுக்கும். அதை எழுப்பிவிடுவதற்குக் கொட்டவேண்டிய செலவை அரசு ஒருபோதும் முழுதாகக் கொட்டாது. கொட்டிய ஓரிடம் அம்பாறை, அங்கே அரசியல் நோக்கமும் சேர்ந்திருந்தது. விளையாட்டில் குடியேற்றக் குழுவுக்குச் சொந்தக் கடலோ சீதன வளவோ கிடையாது. நகர்த்திய இடத்தில் நிற்கும். இங்கே நகர்த்தப்பட்டவர்கள் விடிந்ததும் பழைய கரைக்குத் திரும்பினார்கள்.

ஆனாலும் பிந்திய ஊர் தவிர்க்க முடியாத வேளை உண்டு; கடல்கோள் அப்படியொன்று. அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. மாரியில் தண்ணீர் எங்கே வடியும், சிறுபோகத்தில் எங்கிருந்து வரும்? வேலைக்குப் போய்வர வழியென்ன? யாருக்கு உரிமை என்பதில் அயலூர்கள் உடன்பட்டனவா? இரண்டாவது மகளுக்கு வளவு எங்கே? கல்லோயா மூன்றாவதில் தோற்றது, முதலாவதை முப்பது ஆண்டு தாமதித்துக் கற்றது. நுரைச்சோலை மூன்றாவதிலேயே நின்றுவிட்டது. திராய்மடு முதல் இரண்டிலும் தடுக்கி விழுந்தது, நான்காவதை இப்போது எதிர்கொள்கிறது.

திராய்மடுவுக்கு ஒரு மறுவாய்ப்பும் வந்திருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய மட்டக்களப்புக் கச்சேரி 2024இல் அங்கே எழுந்த புதிய கட்டிடத் தொகுதிக்கு மாறியது. மாவட்டமே காரியத்துக்கு அந்த ஊருக்கு வரும்போது கடை வரும், பஸ் வரும், வடிகாலும் ஒருநாள் வரலாம். இருபது ஆண்டு பிந்தி வந்தாலும் இது சரியான நகர்வு. ஆனால் அலுவலகம் வந்த ஊரில் காணி விலை ஏறும். ஏறும் விலை முதலில் வெளியே தள்ளுவது கடலை இழந்து வந்த மீனவக் குடும்பங்களைத்தான். ஆகவே கச்சேரியின் முதற் கடமை தன் வாசலில் இருக்கும் அந்தக் குடும்பங்களின் வளவுகளுக்கு உறுதி கொடுப்பது. அதைப் பெண்ணின் பேரில் கொடுப்பது. அடுத்த தலைமுறைக்கென்று அரச காணியில் ஒரு பகுதியை இப்போதே ஒதுக்கி வைப்பது. இதைச் செய்தால் திராய்மடு ஊராகும். தவறினால் கச்சேரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டுத்திட்டமாகவே அது எஞ்சும்.